அண்ணை வீட்டு லைன்

1

போன மாதம் ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் ஒரு அடுக்குமாடியின் பதினொன்றாம் தளத்தில் வைத்து வாடிக்கையாளர் ஒருவரோடு சண்டை பிடித்துவிட்டேன். என் வேலை வீடுகளுக்கு இன்டர்நெட் பூட்டுவது. பெரிய கொம்பனியின் பெயர் எழுதிய சட்டை போட்டிருப்பேன். சம்பளம் தருவது அவர்கள் அல்ல, அவர்களுக்குக் கீழே இருக்கும் கொன்ராக்ட்காரர். திட்டு வாங்குவது மட்டும் இரண்டு பக்கத்தாலும்.

அந்த அம்மா தமிழ் ஆள், என்னைவிடச் சில வயது மூத்தவர். தொலைக்காட்சித் தொடர் பார்க்கும்போது படம் ஒரு செக்கன் நிற்கிறது என்று முறைப்பாடு. கருவியைப் பூட்டி அளந்து பார்த்தேன். லைனில் ஒரு குறையும் இல்லை.

"தம்பி, உது சரிவராது. மற்றக் கொம்பனிக்காரன் இதைவிடக் குறைச்சுத் தாறன் எண்டவன். நான் அவனிட்டை மாறப்போறன்."

"மாறுங்கோ அக்கா. கீழை லொபியிலை ரெண்டு பேர் மேசை போட்டுக்கொண்டு நிக்கினம்."

"ஒரு செக்கன் எண்டாலும் நிண்டது நிண்டதுதானே. அதுவும் முக்கியமான கட்டத்திலை நிக்குது."

"ஒரு செக்கன் படம் நிண்டதாலை இப்ப ஆர் செத்தது?" என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டேன். அவர் பின்னுக்குப் போய் மகனுக்கு போன் அடித்தார். மகன் கொம்பனிக்கு அடித்தான். கொம்பனி கொன்ராக்ட்காரருக்கு எழுதியது. அவர் என்னை வேலையால் நிறுத்தவில்லை, வாடிக்கையாளரை மதிப்பது பற்றி இரண்டு மணித்தியால வகுப்பு ஒன்றைக் கொம்பியூட்டரில் செய்யச் சொன்னார். வகுப்பின் முடிவில் ஒரு கேள்வி: உங்களுக்கு ஏன் கோபம் வந்தது? பதில் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

களைப்பு என்று எழுதிவிட்டு வந்தேன். உண்மை இரண்டு வரியில் அடங்காது. அதை இங்கே எழுதுகிறேன்.

2

நாங்கள் சகோதரர் நான்கு பேர். அண்ணை, அக்கா, நான், தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள் இன்று நான்கு நாட்டில் இருக்கிறோம். யாரும் நாடு தெரிவு செய்து போகவில்லை. காசு வாங்கி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்ட இடத்தில் இறங்கினோம்.

அண்ணை இறங்கியது யேர்மனியில். அகதி விண்ணப்பம் கொடுத்தவரை ஓர் அதிகாரி மேற்கே மலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார். அந்த மாவட்டத்தைத் தாண்டுவதென்றால் கந்தோரில் கடிதம் எடுக்க வேண்டிய காலம் அது. கடிதம் தேவையில்லை என்று ஆனபோது, கதவுப் பிணைச்சல் செய்யும் தொழிற்சாலையில் வேலை, பக்கத்தில் சின்ன வீடு, மகள் துளசிக்குப் பள்ளிக்கூடம் என்று அங்கேயே ஊன்றிவிட்டார். அந்த அதிகாரி விரலை வரைபடத்தில் இரண்டு அங்குலம் தள்ளி வைத்திருந்தால் அண்ணை ஒரு பெரிய நகரத்தில் இருந்திருப்பார். இந்தக் கதையும் இருந்திருக்காது.

அக்கா பாரிசுக்கு வெளியே நெருக்கமான புறநகரில் இருக்கிறாள். அவளுடைய தபால் பெட்டிக்குள் நான்கு கொம்பனிகளின் விளம்பரத் தாள் கிடக்கும். மீன்கடை மாற்றுவதுபோல அவள் கொம்பனி மாற்றுவாள். "உவன் மூண்டு மாசம் சும்மா தாறானாம், அங்கை போறன்" என்பாள். நான்கு பேரும் ஒரே தெருவைக் கிண்டி நான்கு முறை கேபிள் தாட்டிருக்கிறார்கள்.

தங்கச்சி நோர்வேயில், படகில் ஏறிப் போகவேண்டிய ஊரில் இருக்கிறாள். அங்கே சனத்தைவிட ஆடு கூட. போட்டி என்று ஒன்றும் கிடையாது. மின்சாரம் கொடுக்கும் ஊர்ச் சங்கம் கரண்ட் கம்பி போன பாதையிலேயே ஃபைபரையும் போட்டுவிட்டது. ஒரே ஆள், ஒரே விலை. ஆனால் வீடியோவில் அவளுடைய முகத்தில் இருக்கும் மரு கூட எனக்கு இங்கே தெரியும்.

அண்ணையின் பள்ளத்தாக்கில் போட்டியும் இல்லை, சங்கமும் இல்லை. அந்தக் காலத்தில் தொலைபேசிக்குத் தாட்ட செம்புக் கம்பிதான். வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டி இருப்பது நாலு கிலோமீற்றர் தள்ளி. செம்பில் தூரம் கூடக்கூட வேகம் செத்துப்போகும். கைத்தொலைபேசிக் கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம். செய்மதித் தட்டு வைக்கலாமே என்பீர்கள். வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் உயர்ந்த மரங்கள். அவை அரசாங்கத்தின் மரங்கள், ஒரு கொப்பை வெட்டவும் விடமாட்டார்கள்.

அரசாங்கத்தின் வரைபடத்தில் மட்டும் அந்தக் கிராமம் பச்சை நிறத்தில் இருந்தது. பச்சை என்றால் வேகமான சேவை உண்டு. ஊரின் வாசலில் இருக்கும் மர ஆலைக்கு ஃபைபர் போயிருந்தது, அதை வைத்து ஊர் முழுக்கப் பச்சை அடித்துவிட்டார்கள். துளசி கொம்பனிக்கு எழுதினாள். உங்கள் பகுதியில் சேவை உண்டு என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் இல்லையே என்று எழுதினாள். உங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. உரிய பிரிவு இன்றுவரை எழுதவில்லை.

போட்டி வந்தால் எல்லாம் திருந்திவிடும் என்று இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த போட்டி வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் நடக்கிறது. மில்லிக்கனில் என் தெருவில் கதவைத் தட்டித் தட்டி விற்கிறார்கள். ரொறன்ரோவை விட்டு வடக்கே கொஞ்ச நேரம் வாகனத்தை ஓட்டிப் பாருங்கள். ஒருவனும் வந்து தட்டமாட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லைனில் கீழே வருவது வேறு, மேலே போவது வேறு. மற்றவர்களின் படம் உங்களிடம் வருவது கீழே வருவது. உங்கள் படம் மற்றவர்களிடம் போவது மேலே போவது. பழைய செம்பு ஓரளவு கீழே கொண்டுவரும். மேலே கொண்டுபோகாது. அண்ணைக்கு எங்களைப் பார்க்க முடிந்தது. தன்னைக் காட்டத்தான் முடியவில்லை. இது எனக்குத் தொழில். இருபது வருடத் தொழில்.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் காலை பத்து மணிக்கு, அவர்களுக்குப் பின்னேரம் நாலு மணிக்கு, குடும்பம் வீடியோவில் கூடும். திரையில் எல்லோருக்கும் ஒவ்வொரு சதுரம். அண்ணையின் சதுரம் மட்டும் கறுப்பு. குரல் மட்டும் வரும்.

"அண்ணை, கமெராவைப் போடுங்கோவன்."

"போட்டா குரலும் நிண்டிடும் தம்பி. லைன் காணாது."

"எத்தினை வருஷமா உதைச் சொல்லுறியள்?"

அக்கா சிரிப்பாள். "தலைமயிர் கொட்டுண்டு போட்டுது போலை. அதுதான் ஒளிச்சிருக்கிறார்."

"எனக்கு மயிர் இருக்கு. உன்ரை மனுசனுக்குத்தான் இல்லை" என்பார் அண்ணை. எல்லோரும் சிரிப்போம்.

அழைப்பு முடிந்ததும் என் மனைவி சொல்வாள்: "யேர்மனியிலை லைன் இல்லையாம். கார் செய்யிற நாடு. ஆருக்குக் கதை விடுறார்? எங்களுக்கு முகம் காட்ட விருப்பமில்லை, அவ்வளவுதான்."

நான் அவளுக்கு விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன். வவுனியாவிலிருந்து ஒருவன் லைன் இல்லை என்றால் உடனே நம்புவோம். யேர்மனியிலிருந்து சொந்த அண்ணன் சொன்னால் நம்பமாட்டோம். பணக்கார நாட்டில் இருப்பவனுக்கு ஒரு குறை இருக்க முடியாது என்பது எங்கள் சனத்தின் எண்ணம். ஊரில் இருப்பவர்கள் எங்களைப் பற்றியும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதற்காக அவர்களோடு கோபிப்போம். பிறகு அதையே ஆளுக்காள் செய்வோம்.

என் மகள் அபியின் கலியாணத்துக்கு அண்ணை வரவில்லை. தொழிற்சாலையில் லீவு தரவில்லை என்றார். மூத்தவர் அறுகரிசி போடாமல் எப்படி என்று அக்கா கேட்டாள். மண்டபத்தில் பெரிய திரை இருக்கிறது, அண்ணை வீட்டிலிருந்து போடட்டும், திரையில் காட்டுவோம் என்று முடிவு செய்தோம். பொம்பிளை மாப்பிள்ளையின் தலையிலும் தோளிலும் முழங்காலிலும் பெரியவர்கள் அறுகம்புல்லும் அரிசியும் தூவி வாழ்த்தும் சடங்கு அது. நாலு விரலில் அள்ளி, மூன்று தரம்.

நகரத்தில் துளசி வேலை செய்யும் கந்தோரில் நல்ல லைன் இருந்தது. சனிக்கிழமை கந்தோர் பூட்டு, அங்கே வந்து போடுங்கோ அப்பா என்று அவள் கேட்டிருக்கிறாள். அண்ணை மாட்டேன் என்றிருக்கிறார். கந்தோர் மேசையில் வைத்துப் பிள்ளையை வாழ்த்துகிறதோ, முழுகி, சாமி அறையில் விளக்கேற்றித்தான் போடவேண்டும் என்றிருக்கிறார். அவர் செய்த பிழை அந்த ஒன்றுதான்.

மண்டபத்தில் அண்ணையின் முகம் திரையில் வந்தது. பட்டு வேட்டி, நெற்றியில் திருநீறு, பின்னால் குத்துவிளக்கு. நான்கைந்து செக்கன் நன்றாக வந்தது. அரிசியை அள்ளிக் கையைத் தூக்கினார். படம் நின்றது. கை முகத்துக்குக் குறுக்கே, ஒரு கண் பாதி மூடி, வாய் திறந்தபடி. மூன்று ஆள் உயரத் திரையில் அந்த முகம் அப்படியே நின்றது.

மைக்கில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தவர் பகிடி விட்டார்: "பெரியப்பா யோசிக்கிறார், போடுறதோ விடுறதோ எண்டு." மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். ஐயர் நேரம் போகுது என்று கையைக் காட்டினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீடியோக்காரரிடம் திரும்பிச் சொன்னேன்: "நிப்பாட்டுங்கோ. உவர் எப்பவும் உப்பிடித்தான். முகம் காட்ட விருப்பமில்லாத ஆளை ஏன் வில்லங்கப்படுத்துவான்."

என் சட்டையில் மைக் குத்தியிருந்தார்கள்.

கீழே வருவது அண்ணையிடம் ஒழுங்காக வந்தது என்று சொன்னேன் அல்லவா. மண்டபத்தின் சிரிப்பு வந்தது. என் சொல்லும் வந்தது. அண்ணையின் மனைவியிடம் பிறகு கேட்டறிந்தேன்: அதைக் கேட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லையாம். கறுத்துப்போன மடிக்கணினிக்கு முன்னால் நின்று மூன்று தரமும் போட்டு முடித்தாராம். கொம்பியூட்டரின் எழுத்துக் கட்டைகளுக்கு இடையில் அரிசி.

அன்று விருந்தில் அபி என்னிடம் வந்து சொன்னாள்: "அப்பா, இட் வோஸ் ஜஸ்ட் லாக். லைன் பிழை, பெரியப்பா ஒண்டும் செய்யேல்லை. யூ டூ திஸ் ஃபோர் எ லிவிங்."

"நீ போய்ச் சாப்பிடு" என்றேன்.

4

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கறுப்புச் சதுரமும் இல்லை.

கலியாணத்துக்கு அண்ணை வராமல் நின்றது லீவு கிடைக்காததால் அல்ல. அந்தக் கிழமை ஆஸ்பத்திரியில் அவருடைய தொண்டைக்குச் சோதனை வைத்திருந்தார்கள். கலியாண வீட்டில் ஏன் இந்தக் கதை என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். சில மாதம் கழித்து அக்கா போன் அடித்தாள்.

"அண்ணைக்குக் குரல்வளையை எடுத்திட்டாங்கள். இனிக் கதைக்கமாட்டார்."

"எனக்கேன் ஒருதரும் சொல்லேல்லை?"

"நீதானே நிப்பாட்டச் சொன்னனி."

அக்கா அவரை வற்புறுத்தி ஒருமுறை ஞாயிறு அழைப்புக்குக் கூட்டிவந்தாள். குரல் இல்லாதபடியால் இம்முறை கமெராவைப் போட்டார். படம் துண்டு துண்டாக வந்தது. முதலில் நெற்றி. பிறகு கழுத்தில் சுற்றிய வெள்ளைத் துணி. அதோடு நின்றது.

"அண்ணை, கேக்குதோ? கேட்டாத் தலையை ஆட்டுங்கோ."

தலையை ஆட்டியிருப்பார். எங்களுக்குத் தெரிந்தது துணி மட்டும். எழுதுங்கோ என்றோம். கன நேரம் கழித்து ஒரு சொல் வந்தது: கேக்குது. அது வரும்போது நாங்கள் வேறு கதைக்குப் போயிருந்தோம். அக்காவின் மகனுக்கு வேலை கிடைத்த கதை. பத்து நிமிடத்தில் அண்ணையின் சதுரம் போய்விட்டது. போனதை முதலில் கண்டது தங்கச்சி. நான் காணவில்லை.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்போம். சுற்றுவது அண்ணை. சுற்றுகிற சத்தத்தில் அவருக்குச் செய்தி கேட்காது. "என்ன சொன்னவங்கள்?" என்று கடைசியில் எங்களிடம் கேட்பார். நாங்கள் அரைகுறையாகச் சொல்லிவிட்டு எழும்பிப் போவோம். அவருடைய சதுரம் போனதைக் காணாத அந்த ஞாயிற்றுக்கிழமை இது எனக்கு ஞாபகம் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

எழுதியாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். எப்பிடி அண்ணை என்று எழுதினேன். பெருவிரல் படம் ஒன்று அனுப்பினார். நல்லம் என்று அர்த்தம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று எழுதியிருக்க வேண்டும். அதை எழுத்தில் எழுதக்கூடாது, முகம் பார்த்துச் சொல்லவேண்டும் என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். லைன் வரட்டும் என்று வைத்திருந்தேன்.

என் வீட்டிலிருந்து விமான நிலையம் 401 நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம். யேர்மனிக்குத் தினமும் விமானம் பறக்கிறது. குரல் போன நாளுக்கும் அண்ணை செத்த நாளுக்கும் நடுவில் பதினொரு மாதம். அந்தப் பதினொரு மாதத்தில் நான் ரிக்கெற் போடவில்லை. வேலை கூட, பனிக்காலம், அவர் கூப்பிடவில்லை என்று ஒவ்வொரு காரணம். கொம்பனிகளை நான் திட்டுவது சரி. ஆனால் ஒரு கொம்பனியும் என்னை விமானம் ஏறவேண்டாம் என்று மறிக்கவில்லை.

5

செத்தவீட்டுக்கும் போகவில்லை. என் கடவுச்சீட்டுக் காலாவதியாகியிருந்தது. அவசரமாக எடுக்கலாம் என்று கந்தோருக்கு ஓடினேன். பயணத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். மரணச் சான்றிதழ் யேர்மன் மொழியில் இருந்தது, மொழிபெயர்த்துக் கொண்டுவா என்றார்கள். மொழிபெயர்ப்பு வருவதற்குள் உடலை எரித்துவிட்டார்கள்.

வீடியோவில் பார்த்தேன். எரிக்கும் மண்டபம் நகரத்தில். அங்கே ஃபைபர். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அண்ணையின் புருவத்தில் நரை இருப்பதை அன்றுதான் கண்டேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவருடைய முகத்தை முழுதாகப் பார்த்தேன், கண் மூடிய பிறகு. ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஊரிலும் இருந்து ஆட்கள் பார்த்துக்கொண்டு, நல்ல கிளியர் என்று கீழே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் துளசி எனக்கு இரண்டு படம் அனுப்பினாள். ஒன்று, கட்டையான அட்டை. அதில் யேர்மன் மொழியில் நாலு வரி. தொலைபேசியில் மொழிபெயர்த்து வாசித்தேன்.

"எனக்குக் குரல் இல்லை. என் சகோதரர்கள் வேறு நாடுகளில் இருக்கிறார்கள். நான் அவர்களோடு பேச அவர்கள் என்னைப் பார்க்க வேண்டும். நீங்களும் கையெழுத்து வைத்தால்தான் கேபிள் வரும்."

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு கொம்பனி அந்தக் கிராமத்துக்கு ஃபைபர் போடச் சம்மதித்திருக்கிறது. ஆனால் குறித்த திகதிக்குள் போதிய வீடுகள் சேர்ந்தால்தான் தோண்டுவோம் என்று நிபந்தனை. அந்தத் துண்டு துண்டான ஞாயிறுக்கு அடுத்த நாள் அண்ணை பேப்பரையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். கதவைத் தட்டி, அட்டையை நீட்டி, பேப்பரை நீட்டுவாராம்.

"எல்லா வீட்டுக்கும் போனவரோ?"

"ஓம் சித்தப்பா. சில வீட்டுக்கு மூண்டு தரம். அங்கை முழுக்க வயசுபோன ஆக்கள். எங்களுக்கு டெலிபோன் காணும் எண்டு சொல்லுவினம்."

"பிறகு?"

"ஏழு வீடு குறைஞ்சு போச்சு."

இரண்டாவது படம் அந்தப் பட்டியல். வீட்டு இலக்கங்கள், பக்கத்தில் சரி அடையாளம், பிழை அடையாளம், அண்ணையின் கையெழுத்தில். நான் வேலைக்குக் கொண்டுபோகும் தாளும் அப்படித்தான் இருக்கும். எனக்கு அதற்குச் சம்பளம்.

6

ஆண்டுத் திவசத்துக்குப் போனேன். கிராமம் மழையில் நனைந்து கிடந்தது. தெரு முழுக்கத் தோண்டி மூடிய புதுத் தார்க் கோடு ஓடியது. அண்ணை செத்த பிறகு, மறுத்த வீடுகளில் ஏழு வீடு தாங்களாகவே கையெழுத்து வைத்திருக்கிறது. ஒரு கிழவி செத்தவீட்டுக்கு வந்து துளசியிடம் பேப்பர் எங்கே என்று கேட்டாராம். திகதியைக் கொம்பனி நீட்டிக் கொடுத்திருக்கிறது.

அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். கதவைத் திறந்து, "வா தம்பி, செருப்பை உள்ளை வை, நனைஞ்சிடும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. விமானத்தில் ஏழு மணித்தியாலம் சொல்லிப் பார்த்த சொல் வாசலில் வரவில்லை. துளசி இரண்டு மாதத்தில் தாயைத் தன்னோடு நகரத்துக்குக் கூட்டிப் போகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் அறிந்தேன்.

திவசத்துக்குச் சமையல் நடந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தது. கொம்பனிச் சட்டை போட்ட ஒருவன். என்னைப் போல கொன்ராக்ட்காரனாகத்தான் இருப்பான், சட்டையின் அளவு அவனுக்குப் பொருந்தவில்லை. கேபிள் சுவர் வரைக்கும் வந்துவிட்டது, உள்ளே எடுத்துப் பூட்டக் கையெழுத்து வேண்டும் என்று தாளை நீட்டினான். மச்சாள் யேர்மன் மொழியில் இரண்டு சொல் சொன்னார். அவன் திரும்பவும் ஏதோ விளக்கினான். மச்சாள் தலையை ஆட்டினார்.

"என்ன சொல்லுறான் மச்சாள்?"

"இண்டைக்கே பூட்டித் தருவானாம்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"வேண்டாம் எண்டு."

"ஏன்? அண்ணை அலைஞ்சு எடுத்த லைன். பூட்டினா நல்லதுதானே. நானே நிண்டு பாத்துப் பூட்டித் தாறன்."

மச்சாள் கையிலிருந்த அகப்பையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டார்.

"ஆரோடை கதைக்க?"

மச்சாளுக்கு இரண்டு அடி தள்ளித்தான் நான் நின்றேன். என்னோடை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை. அவன் தாளை மடித்து வைத்துக்கொண்டு, மழையில் குனிந்து, சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கேபிள் குழாயின் வாய்க்கு மூடி போட்டு இறுக்கினான்.